தண்ணீரில் மிதந்த கருங்கல்: ரெசின் வார்க்கக் கொடுப்பவர்கள் கவனிக்க

2011 ஜூன் 30 இரவு சிங்கப்பூரின் தஞ்சோங் பகார் நிலையத்திலிருந்து கடைசி ரயிலை ஜோகூர் சுல்தானே ஓட்டிச் சென்றபோது கூட்டத்தில் நானும் நின்றேன். அந்தப் பாதையைச் சிறு மாதிரி ரயிலாக வீட்டுக்குள் கொண்டுவரும் கிறுக்கு அன்று பிடித்தது. மலாயா ரயில்வேயான கேடிஎம்மின் பாதை மீட்டர் கேஜ், அதாவது தண்டவாளங்களுக்கு இடையே ஒரு மீட்டர். 9 மில்லிமீட்டர் தண்டவாளத்தில் 1:120 அளவு வைத்தால் ஏறக்குறையப் பொருந்தும். ஆனால் அந்தப் பாதை கடக்கும் புக்கித் தீமா பாறைகளை யார் செய்து விற்கிறார்கள்? எல்லாம் கைவேலைதான்.

அங்குள்ள ஹிண்டீட் கல்குவாரிக்கு வாரம் தவறாமல் போய், அந்தக் கருங்கல் முகத்தைப் பார்த்துப் பார்த்துக் களிமண்ணில் ஒரு பாறைச் சுவர் செதுக்கினேன். நான்கு மாத வேலை. அதிலிருந்து சிலிக்கோன் அச்சு எடுத்து, பாலியூரித்தேன் ரெசினில் (இரண்டு திரவங்களைக் கலந்தால் இறுகும் பிளாஸ்டிக்) 12 துண்டுகள் வார்க்க வேண்டும். நானே செய்திருப்பேன். ஆனால் அந்த ரெசினின் ஒரு பாகத்தில் மூச்சுக்கு ஆகாத ஐசோசயனேட் இருக்கிறது, எங்களுடையது மூவறை வீடு, மகளுக்கு ஆஸ்துமா. வீட்டில் கூடவே கூடாது என்று மனைவி சொல்லிவிட்டார்.

பழைய பொருள் விற்கும் செயலி ஒன்றில் அந்த ஆளைப் பிடித்தேன். “அண்ணே, உங்க வேலைய என் வேலையா நினைச்சுச் செய்றேன்” என்று தமிழில் பதில் வந்ததும் கவிழ்ந்துவிட்டேன். அவர் வார்த்த ஒரு துண்டையாவது காட்டச் சொல்லியிருக்க வேண்டும். நானோ மன்னார்குடிப் பக்கமா, தஞ்சாவூர்ப் பக்கமா என்று விசாரித்துக்கொண்டிருந்தேன். அச்சும் எனக்கே என்று பேசி 260 சிங்கப்பூர் வெள்ளி. முன்பணம் 150 பேநவ் என்ற கைப்பேசிப் பணமாற்றில் போனது.

களிமண்ணில் கந்தகம் இருக்கிறது என்று முதல் செய்தியிலேயே எழுதியிருந்தேன். கந்தகம் பட்டால் பிளாட்டினத்தால் இறுகும் வகை சிலிக்கோன் இறுகாது, டின் (வெள்ளீயம்) வகைதான் வேண்டும். “தெரியும்ணே, டின்தான்” என்றார்.

இரண்டு வாரம் ஆறு வாரமானது. அப்புறம் ஈசூன் எம்ஆர்டி வாசலில் ஒரு பெட்டி. துண்டுகள் எல்லாம் சாம்பல் நிறத்தில் பளிச்சென்று இருந்தன. பெயிண்ட் நான் கேட்கவே இல்லை. “ஃப்ரீண்ணே” என்றார். ஒரு பக்கம் பாறை வெடிப்புகள் கரைந்த சோப்பு மாதிரி மழுங்கித் தெரிந்தன. வெளிச்சம் அப்படி என்றார். மீதி 110-ஐயும் அங்கேயே கொடுத்தேன். இதை எழுதவே வெட்கமாக இருக்கிறது.

சுரங்க வாயிலில் பொருத்த ஒரு துண்டை ரம்பத்தால் அறுத்தேன். உள்ளே ஆப்பத்தின் நடுப்பகுதி போல ஓட்டை ஓட்டையாக இருந்தது. பாலியூரித்தேன் ஈரத்தோடு சேர்ந்தால் கரியமில வாயு விட்டு நுரைக்கும். நம் ஊர்க் காற்றில் ஈரப்பதம் சாதாரணமாகவே 80 சதவீதத்தைத் தாண்டும், மூடாமல் வைத்த டப்பா என்ன ஆகும்! வழக்கமான வார்ப்பு ரெசின் தண்ணீரைவிடச் சற்றே கனம், மூழ்க வேண்டும். மீதி 11-ஐயும் வாளியில் போட்டேன். 11-ம் வாத்துக்குஞ்சு போல மிதந்தன. பெயிண்ட் எதற்கு என்று அப்போதுதான் புரிந்தது.

நான் செதுக்கிய களிமண் மூலத்தைப் பிளாஸ்டிக் பையில் சுற்றித் தந்திருந்தார். அதன் இடப்பக்கத்தில் இறுகாத சிலிக்கோன் பிசுபிசுவென்று ஒட்டியிருந்தது. முதலில் பிளாட்டினம் வகையை ஊற்றிக் கெடுத்து, கத்தியால் சுரண்டி, விரலால் தடவிச் சமன் செய்து, மறுபடி வேறு சிலிக்கோன் ஊற்றியிருக்கிறார். நான்கு மாதம் அப்படிப் போனது. கேட்டதற்கு “சிங்கப்பூர் வெயில்ணே, எல்லாருக்கும் இப்படித்தான் வரும்” என்றார். பிறகு என் எண்ணை முடக்கிவிட்டார். அச்சு இன்னும் அவரிடம்தான் இருக்கிறது.

யாரிடமாவது வார்க்கக் கொடுத்தால், பெயிண்ட் அடிக்காத ஒரு துண்டை முதலில் வாங்கித் தண்ணீரில் போடுங்கள். மூலத்தைக் கொடுக்கும் முன் அதே களிமண்ணில் ஓர் உருண்டை கொடுத்து அவருடைய சிலிக்கோன் இறுகுகிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். பெயரும் முகவரியும் உள்ள ரசீது வாங்குங்கள். சிறு உரிமைக் கோரல் நடுவர் மன்றத்தில் 5,000 வெள்ளி வரையிலான தொகைக்கு நம்மைப் போன்ற தனிநபருக்குக் கட்டணம் 10 வெள்ளிதான், வக்கீலும் தேவையில்லை, இரண்டு ஆண்டுக்குள் மனுப் போடலாம். ஆனால் எதிராளி யார், எங்கே இருக்கிறார் என்று எழுத வேண்டுமே. என்னிடம் இருப்பது ஒரு கைப்பேசி எண்.

போன வாரம் வேறொரு பெயரில் “கையால் செதுக்கிய கருங்கல் பாறை, 35 வெள்ளி” என்று ஒரு விளம்பரம் பார்த்தேன். படத்தில் கீழ் வலது மூலையில் நான் அழிக்க மறந்த என் கட்டைவிரல் ரேகை அப்படியே பதிந்திருக்கிறது. நீங்களும் எங்காவது பார்த்தால் வாங்க வேண்டாம். விற்பவரின் பெயரையும் முகவரியையும் மட்டும் எனக்குச் சொல்லுங்கள். மனுவில் அந்த இடம் இன்னும் காலியாக இருக்கிறது.