சிரட்டைக்கரியில் ஊதிய செம்பு: மூன்று வருடம் கழித்து

2022இல் இலங்கையில் சமையல் காஸுக்கு வரிசையில் நின்ற காலத்தில்தான், பழைய உலோகத்தில் நகை செய்யும் இந்த வேலை பிடிபட்டது. மட்டக்களப்பு கல்லடியில் எங்கள் வீட்டு வயரிங்கை மாற்றியபோது கழற்றிய செம்புக் கம்பி அரைச்சாக்கு கிடந்தது. பழைய இரும்புக்காரருக்குத் தூக்கிக் கொடுக்க மனம் வரவில்லை.

வயரை எரித்துக் கம்பி எடுக்காதீர்கள். பிளாஸ்டிக் புகை நெஞ்சை அறுக்கும், கம்பியும் கருகும். கத்தியால் நீளவாக்கில் கீறி உரித்தால் போதும். ஏழிழை வயரின் மெல்லிய இழை பின்னலுக்கு, தடித்த ஒற்றைக் கம்பி காப்புக்கு. செம்பு தட்டத் தட்ட விறைக்கும். விறைத்ததை வளைத்தால் வெடிக்கும். சிரட்டைக்கரித் தணலில் ஊதுகுழலால் ஊதி, மங்கிய சிவப்பு வந்ததும் தண்ணீரில் போட்டால் மறுபடி இளகிக் கொடுக்கும். ஒரு காப்புக்கு நாலைந்து தரமாவது இப்படி மினக்கெட வேண்டும். காஸ் தாராளமாகக் கிடைத்த பிறகும் நான் கரியை விடவில்லை.

சூடு கண்டது பித்தளையில். உடைந்த பைப் ஒன்றை உருக்கப்போய் வெள்ளைப் புகை குபுகுபுவென்று வந்தது. பித்தளையில் செம்போடு கலந்திருக்கும் துத்தநாகம் 907 பாகை செல்சியஸிலேயே கொதித்துவிடுமாம், செம்பு உருக 1085 வேண்டும். அன்றிரவு குளிர்காய்ச்சல். பைப் பித்தளையில் ஈயமும் சேர்ந்திருப்பது வழக்கம் என்று பிறகுதான் தெரிந்தது. இப்போது பித்தளை என்றால் தகடாக வெட்டி, அரத்தால் ராவுவதோடு சரி.

வெள்ளி வேறு கதை. பெரியம்மாவின் அறுந்த கொலுசை உருக்கித் தட்டினால் ஓரமெல்லாம் வெடிப்பு. நகை வேலை செய்யும் ஐயா ஒருவர் பார்த்துவிட்டுச் சொன்னார்: “ஒட்டின இடத்தை வெட்டி எறிஞ்சுபோட்டு உருக்கு மனே. முந்தி ஆரோ ஈயத்தால ஒட்டியிருக்கான்.” அப்படிச் செய்தேன், அடுத்த மோதிரம் வெடிக்கவில்லை.

போட்டுப் பார்த்த அனுபவம்? கடற்காற்றுக்கும் வாவி ஈரத்துக்கும் செம்பு ஒரு கிழமையில் கறுக்கிறது. தினமும் கையில் கிடக்கும் காப்பு உரசி உரசி மின்னும். அலுமாரியில் வைத்ததுதான் மோசம். வியர்வைக்கு மணிக்கட்டில் பச்சை படியும், கழுவினால் போய்விடும். நிறமில்லாத நகப்பூச்சு பூசிப் பார்த்தேன், ஒரு மாதத்தில் தோல் தோலாக உரிந்தது. புளியும் உப்பும் போட்டுத் தேய்ப்பதே மேல். தோட்டுக்கு மட்டும் காதில் நுழையும் கம்பியை வெள்ளியில் செய்கிறேன்.

வாங்கியவர்களில் இருவர் “கறுத்துப்போச்சு” என்று திருப்பிக் கொண்டுவந்தார்கள், புளி போட்டுக் கொடுத்தேன். மச்சாள் மட்டும் தேய்க்கவே விடுவதில்லை. “கறுத்தாத்தான் வடிவு” என்று அப்படியே போட்டுக்கொண்டு திரிகிறாள்.