மாசி 35-க்கு லைனர்-பிஸ்டன் கிட்: போட்டால் இழுவை கூடுமா?

பழைய மாசி ஃபெர்குசன் 35 டிராக்டரின் மூன்று சிலிண்டர் பெர்கின்ஸ் 3.152 என்ஜினுக்கு இன்றும் கிட் கிடைக்கிறது. பெட்டியில் இருப்பது மூன்று லைனர் (சிலிண்டருக்குள் இறங்கும் குழாய்), பிஸ்டன், ரிங் செட், பிஸ்டன் பின் (பிஸ்டனைக் கனெக்டிங் ராடில் கோக்கும் தண்டு), அதைப் பிடிக்கும் சர்க்ளிப். கேஸ்கெட், பேரிங், புஷ் எல்லாம் தனிச் செலவு. "பவர் ஏறும்" என்று கடையில் சொல்வதை நம்பி வாங்க வேண்டாம். போர் (சிலிண்டர் விட்டம்) அதே 91.4 மி.மீ., ஸ்ட்ரோக் (பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம்) அதே 127 மி.மீ. தேய்ந்து போன இழுவையை மீட்டுத் தரும், அவ்வளவுதான். ஆயில் குடிக்கிற வண்டிக்கு அதுவே பெரிய விஷயம்.

வாங்கப் போகும்போது பழைய பிஸ்டனைக் கையோடு எடுத்துப் போங்கள். தலையில் உள்ள குழி, பிஸ்டன் பின் தடிமன், ரிங் எண்ணிக்கை மூன்றும் ஒத்துப்போகணும்.

லைனர் இரண்டு வகை. செமி-ஃபினிஷ் என்றால் பிரஸ்ஸில் இறக்கியபின் போரிங் (அளவுக்குக் கடைவது), ஹானிங் (உள்சுவரைத் தேய்த்து முடிப்பது) செய்யணும், கூலி கூடும். ஃபினிஷ் லைனரில் அந்த வேலை இல்லை. ஆனால் என்ஜின் பிளாக் துளை கோணியோ, துரு அரித்தோ இருந்தால் ஃபினிஷ் லைனர் முழுசாக ஒட்டாது. இது டிரை லைனர், தண்ணீர் நேராகப் படாது. சூடு பிளாக் வழியாகத்தான் போகணும். ஒட்டாத இடத்தில் சூடு தேங்கி, ரிங் இறுகி, கலப்பை ஆழமாக இறங்கிய நேரத்தில் பிஸ்டன் ஜாம் ஆகும். இவ்வளவு வயசான பிளாக்குக்கு, கூலி போனாலும், செமி-ஃபினிஷே மேல்.

ரிங்கைப் பிஸ்டனில் ஏற்றுமுன் லைனருக்குள் நேராக வைத்து ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடு) விட்டுப் பாருங்கள். போர் ஒரு இன்ச்சுக்கு 0.004 என்ற கணக்கில் ரிங் முனைகளின் இடைவெளி 0.014 இன்ச் வரணும். முனைகள் முட்டினால் லைனரில் கீறல் விழும்.

என்ஜினின் பின்பக்க மெயின் பேரிங்கில் ஆயிலைத் தடுக்கும் கயிறு சீல் பழசாக இருந்தால் அதையும் இப்போதே மாற்றுங்கள். முனையை ஒட்ட நறுக்கிவிடாமல் லேசாக நீட்டி விடணும். இல்லையென்றால் ஆயில் கசிந்து கிளட்ச் வழுக்கும். என்ஜின் இழுத்தும் சக்கரத்துக்குப் போகாது.

இழுவைக்காக டிபிஏ பம்பை (டீசல் இன்ஜெக்‌ஷன் பம்ப்) திறந்து டீசலை ஏற்றிவிடும் மெக்கானிக்குகள் உண்டு. கறுப்புப் புகைதான் மிச்சம். எரியாத டீசல் லைனர் சுவரின் ஆயிலைக் கழுவிப் புது ரிங்கைத் தின்னும். அதே போர், ஸ்ட்ரோக்கில் 35 எக்ஸ் என்ற மாடல் 44.5 குதிரைத்திறன் தந்தது உண்மைதான். அதற்காகப் பம்ப்பை வயலில் வைத்துத் திருகக் கூடாது. பம்ப்பும் நாசிலும் டெஸ்ட் பெஞ்ச் ஏறணும்.

கட்டி முடித்தபின் வெறும் ஐட்லிங்கில் மணிக்கணக்காக விடாதீர்கள். லைனர் பளபளத்து ரிங் உட்காராது. லேசான லோடில் ஓட்டி, ஹெட்டை மறுபடி இறுக்கி, என்ஜின் ஆறியபின் டேப்பெட் (வால்வு) இடைவெளி 0.012 இன்ச் வையுங்கள்.