ஏர் ரிசீவருக்குத் திக்னஸ் டெஸ்ட் எடுப்பவர்கள் உஷார்: பெயிண்டையும் இரும்புக் கணக்கில் சேர்க்கிறார்கள்

8 மி.மீ. தகட்டில் செய்த பழைய கம்ப்ரெசர் ஏர் ரிசீவர், அதாவது அழுத்தக் காற்றைச் சேமிக்கும் தொட்டி. தகடு எவ்வளவு தேய்ந்திருக்கிறது என்று பார்க்க அல்ட்ராசோனிக் கேஜோடு (ஒலி அலையால் கனம் பார்க்கும் கருவி) வந்த டெஸ்டிங் பார்ட்டி கொடுத்த ரிப்போர்ட்டில் பன்னிரண்டு இடங்களிலும் 7.8, 7.9 என்றே இருந்தது. அதில் ஒரு இடத்தில் பெயிண்டைச் சுரண்டிவிட்டு வேறு ஆளை வைத்து அளந்தால் 5.8. தகட்டில் தேய்ந்துபோன சுமார் 2 மி.மீ. முதல் ரிப்போர்ட்டில் பெயிண்டுக்குள் ஒளிந்திருந்தது.

கேஜ் நேரடியாகக் கனத்தை அளப்பதில்லை. ஒலி உள்ளே போய் எதிரொலித்துத் திரும்பும் நேரத்தைத்தான் அளக்கிறது. கார்பன் ஸ்டீலில் ஒலியின் வேகம் விநாடிக்குச் சுமார் 5,920 மீட்டர். பெயிண்டில் அதில் பாதிகூட இல்லை, ஏறக்குறைய 2,400. பெயிண்டுக்குள் ஒலி மெதுவாகப் போவது கேஜுக்குத் தெரியாது. அந்த நேரத்தையும் இரும்பு என்றே கணக்குப் போடும். கோட்டிங் கேஜில் பார்த்தபோது இந்த ரிசீவரில் மேலுக்கு மேல் அடித்த பெயிண்ட் 800 மைக்ரான், அதாவது 0.8 மி.மீ. அது கேஜில் ஏறத்தாழ 2 மி.மீ. இரும்பாகத் தெரியும். 5.8-உடன் கூட்டினால் 7.8. கணக்கு சரியாகத்தான் வருகிறது, அதுதான் வயிற்றெரிச்சல்.

“பெயிண்டைக் கெடுக்க வேண்டாம் சார், நம்ம மெஷின் பெயிண்ட் மேலேயே எடுக்கும்” என்றால் அங்கேயே நிறுத்துங்கள். எக்கோ-டு-எக்கோ மோடு உள்ள கேஜ் அதைச் செய்யும். தகட்டுக்குள் அடுத்தடுத்து வரும் இரண்டு எதிரொலிகளுக்கு இடைப்பட்ட நேரத்தை மட்டும் எடுப்பதால் பெயிண்ட் கழிந்துவிடும். சந்தையில் கிடைக்கும் மலிவான கேஜ் பலவற்றில் அந்த மோடே கிடையாது. இருந்தாலும், உட்புறம் துரு அரித்துக் குழி விழுந்த இடத்தில் இரண்டாவது எதிரொலி சிதறிவிடும், ரீடிங் நிற்காது. அங்கே ஒரு ரூபாய் நாணய அளவுக்குச் சுரண்டி, உப்புத்தாள் போட்டு, ஜெல் தடவி அளப்பதுதான் வழி. அளந்த பிறகு பிரைமர் தொட்டுவிட்டால் போகிறது.

இன்னொரு வேலையும் நடந்திருந்தது. பன்னிரண்டு புள்ளிகளும் நின்றபடியே கை எட்டும் உயரத்தில். ரிசீவரில் தண்ணீர் தேங்குவது அடியில்; துரு தின்பதும் அங்கேதான். அடி டிஷ்ஷில் (அடியை மூடும் கிண்ண வடிவத் தகடு), தண்ணீரை வடிக்கும் டிரெய்ன் வால்வைச் சுற்றி ஒரு ரீடிங்கூட இல்லை. மறு அளவில் அங்கே 4.9 வந்தது. குனிய மனமில்லாதவன் எழுதிய ரிப்போர்ட் அது.

அளக்கும்போது பக்கத்தில் நில்லுங்கள். கேஜின் மேலேயே பதித்திருக்கும் 4 மி.மீ. வில்லையில் வைத்துக் காட்டினால் ஜீரோ (அளவு தொடங்கும் புள்ளி) மட்டும்தான் சரியாகும், வேகம் சரியா என்று தெரியாது. 5,920-க்குப் பதில் 6,500 வைத்திருந்தால் 5.8 தகடு 6.4 ஆகிவிடும். அதனால் 4, 6, 8, 10 என்று படிப்படியாக வெட்டிய ஸ்டெப் பிளாக்கில், உங்கள் தகட்டின் கனத்துக்கு மேலும் கீழுமாக இரண்டு படிகளில் காட்டச் சொல்லுங்கள். ஸ்டெயின்லெஸ் ஸ்டீலுக்கும் வார்ப்பிரும்புக்கும் வேகம் வேறு. அந்தந்த உலோகத் துண்டிலேயே செட் செய்ய வேண்டும். வளைந்த பரப்பில் புரோபை (தகட்டின் மேல் வைக்கும் முனை) 90 டிகிரி திருப்பி இரண்டு முறை அளந்து, குறைந்ததை எழுதட்டும். 1 மி.மீ. அளவு மெல்லிய தகட்டில் சாதாரண இரட்டைப் புரோப் (ஒலியை அனுப்ப ஒரு பாதி, வாங்க ஒரு பாதி உள்ளது) 2 என்று இரட்டித்துக் காட்டும், அதற்கு வேறு புரோப் வேண்டும்.

ரிப்போர்ட்டில் கேஜ், புரோப் சீரியல் நம்பர், வைத்த வேகம், ஸ்டெப் பிளாக் ரீடிங், புள்ளி குறித்த படம், பெயிண்ட் எடுத்தார்களா இல்லையா என்பது எல்லாம் இருக்க வேண்டும். இவற்றை வொர்க் ஆர்டரிலேயே எழுதிவிடுங்கள். எங்கள் வொர்க் ஆர்டரில் “திக்னஸ் டெஸ்ட், 12 பாயிண்ட்” என்று மட்டும் இருந்ததால், “சொன்ன வேலையை முடித்தாயிற்று” என்று சொல்லிப் பில்லை வசூல் செய்துவிட்டார்கள்.