லோகோஸ், அக்கார்டன்ஸ், ஸ்டெப் பைபிள்: இறையியல் ஆய்வுக்கு எது ஏற்றது?

விவிலிய ஆய்வு மென்பொருள்களை அவற்றில் உள்ள நூல்களின் எண்ணிக்கையைக் கொண்டே மதிப்பிடுவது வழக்கமாகிவிட்டது. ஆய்வாளரின் கேள்வி பிறர் எழுதிய நூல்களை நாடுகிறதா, எபிரேய, கிரேக்க மூலப்பாடத்தையே நாடுகிறதா என்பதைப் பொறுத்துத்தான் தேர்வு அமைய வேண்டும்.

நூல்களை நாடுவோருக்கு 1992-இல் தொடங்கிய லோகோஸை விஞ்ச வேறொன்றில்லை. ஒரு வேதப்பகுதியை உள்ளிட்டால், நாம் வாங்கியுள்ள விளக்கவுரைகளில் அப்பகுதியைப் பேசும் இடங்களையெல்லாம் தொகுத்துக் காட்டும். மேற்கோளை நகலெடுத்து ஒட்டினால் அடிக்குறிப்பும் உடன்வரும் என்பதால், ஆய்வேடு எழுதுவோரின் வேலை பெரிதும் குறையும். பழைய கணினியில் அது திணறும் என்பதையும், 2024 முதல் பல புதிய வசதிகள் சந்தாவோடு பிணைக்கப்பட்டுள்ளன என்பதையும் கணக்கில் கொள்ள வேண்டும்.

1994-இல் மேக் கணினிக்காகப் பிறந்து, பின்னர் விண்டோஸுக்கும் வந்த அக்கார்டன்ஸ், மூலப்பாடத்தில் தேடுவதற்கென்றே வடிவமைக்கப்பட்டது. யோவான் நற்செய்தியில் ‘ஹினா’ (‘ஆகும்படி’ எனப் பொருள்தரும் கிரேக்கச் சொல்) என்ற இணைப்புச்சொல்லுக்குப் பின் ஐந்து சொற்களுக்குள் சப்ஜங்டிவ் வினை (நோக்கம், வாய்ப்பு போன்றவற்றைச் சுட்டும் வினைவடிவம்) வரும் இடங்கள் எவை என்று கேட்க வேண்டுமானால், உரிய கட்டங்களை இழுத்து வரிசையில் வைத்தாலே போதும். விடை நொடியில் வரும்; அவ்விடங்கள் எங்கே செறிந்துள்ளன என்பதை வரைபடமாகவும் பார்க்கலாம். இதே தேடலை லோகோஸிலும் செய்யலாம் என்றாலும், இலக்கண ஆய்வே அன்றாடப் பணியாக உள்ளவருக்கு அக்கார்டன்ஸையே பரிந்துரைப்பேன்.

கேம்பிரிட்ஜில் உள்ள டிண்டேல் ஹவுஸ் என்ற விவிலிய ஆய்வு நிறுவனம் வளர்த்த ஸ்டெப் பைபிள் இலவசம். உலாவியிலும் இயங்கும், கணினியில் நிறுவினால் இணையமின்றியும் இயங்கும். சொல்லின்மேல் சுட்டியை வைத்தாலே மூலச்சொல்லின் பொருள் தெரியும். காப்புரிமைக்கு உட்பட்ட புதிய விளக்கவுரைகளை மட்டும் இதில் எதிர்பார்க்க முடியாது.

கட்டண மென்பொருளில் பணம் போடுமுன் பைபிள்வொர்க்ஸ் என்ற பழைய விவிலிய மென்பொருளை நினைத்துக்கொள்வது நல்லது. கிரேக்க, எபிரேயப் பேராசிரியர்கள் பலர் நம்பியிருந்த அதன் நிறுவனம் 2018 ஜூனில் மூடப்பட்டது. அதற்கென வாங்கிய அகராதிகளை அப்படியே வேறு மென்பொருளில் திறக்க முடியாது. எனவே முதுகலை மாணவர் ஸ்டெப் பைபிளில் தொடங்கி, ஆய்வுத் தலைப்பு உறுதியான பின்னரே, பேரகராதி போன்ற விலையுயர்ந்த நூல்களை ஏதேனும் ஒரே தளத்தில் வாங்கட்டும்.