இறால் குளத்தில் நோய் பார்க்க: இறாலைச் சோதிப்பதா, தண்ணீரைச் சோதிப்பதா?

வன்னாமி இறால் வளர்ப்பவர்கள் நோய்க்கு நம்பியிருப்பது இரண்டைத்தான்: செக் ட்ரேயை (தீவனம் வைத்துக் குளத்தில் இறக்கும் தட்டு) தூக்கிப் பார்க்கும் கண், பத்து இறாலைப் பிடித்து அனுப்பும் பிசிஆர் லேப் (கிருமியின் மரபணுவைப் பெருக்கிக் கண்டுபிடிக்கும் சோதனை). இப்போது குளத்துத் தண்ணீரை வடிகட்டி, அதில் கிருமியின் டிஎன்ஏ இருக்கிறதா என்று தேடும் முறையும் வந்திருக்கிறது. சுற்றுச்சூழல் டிஎன்ஏ என்கிறார்கள்.

முதலில் அந்தப் பத்து இறால் கணக்கைப் பார்ப்போம். சதுர மீட்டருக்கு 40 குஞ்சு விட்டால் ஒரு ஹெக்டேரில் 4 லட்சம். நூற்றில் இரண்டுக்கு வெண்புள்ளி வைரஸ் தொற்றிய கட்டத்தில் கண்ணை மூடிப் பத்தை எடுத்தால், நோயுள்ள ஒன்றாவது அதில் சிக்க வாய்ப்பு சுமார் 18 சதவீதம். 95 சதவீத உறுதி வேண்டுமென்றால் ஏறக்குறைய 150 இறால் தேவை. யார் அனுப்புகிறார்கள்? கரையோரம் சோர்ந்து ஒதுங்கியதாகப் பார்த்து எடுத்தால் வாய்ப்பு கூடும், உண்மைதான். ஆனால் வெண்புள்ளி நோய் வெளியே தெரிந்த 3 முதல் 10 நாட்களுக்குள் குளமே காலியாகிவிடும். ஒதுங்கும்வரை காத்திருப்பது மிகத் தாமதம்.

தண்ணீர் சோதனை இங்கேதான் கைகொடுக்கும். நோயுற்ற இறால்கள் வெளியே விடும் வைரஸ் தண்ணீரில் கலக்கிறது. நாலு மூலையிலும் எடுத்துக் கலந்த தண்ணீர், பத்து இறாலைவிடப் பரவலாகக் குளத்தைக் காட்டும்.

சரி, அப்படியானால் இறாலை விட்டுவிடலாமா? கூடாது. மூன்றாம் மாதத்துக் குளம் பாசியும் தீவனக் கழிவுமாகக் கெட்டியாக இருக்கும். கொஞ்சம் தண்ணீர் போவதற்குள் வடிதாள் அடைத்துக்கொள்ளும். தாளில் தங்கும் கசடு பிசிஆரையே தடுத்து, இருக்கும் வைரஸை இல்லை என்று காட்டலாம். பிளீச்சிங் போட்ட தண்ணீரில் நேர்மாறு: வைரஸ் செத்தபின்னும் டிஎன்ஏ துண்டுகள் மிஞ்சியிருக்கலாம். அப்புறம், தசைச் சிதைவு நோயின் வைரஸ் ஆர்என்ஏ வகை. வெறும் டிஎன்ஏ சோதனையில் அது தெரியவே தெரியாது.

ஈஎச்பி என்ற ஈரல் ஒட்டுண்ணி என்றால் நான் இறாலைச் சோதிக்கும் பக்கம்தான். அது இறாலைச் சட்டென்று கொல்லாது, வளரவிடாது. தீவனம் போய்க்கொண்டே இருக்கும், கவுண்ட் (ஒரு கிலோவுக்கு எத்தனை இறால் என்ற கணக்கு) இறங்காது. அதன் வித்துகள் கழிச்சலோடு வெளியேறி அடிமண்ணில் சேர்கின்றன. ஈரலையும் கழிச்சலையும் சோதிப்பதே நேர்வழி. இளம் இறால்களைத் திடீரென்று கொல்லும் ஈரல் நோயில் வேறொரு சிக்கல். விப்ரியோ பாராஹீமோலிட்டிகஸ் உவர்நீரில் சாதாரணமாகவே இருக்கும் பாக்டீரியா. அது இருக்கிறது என்ற முடிவால் பயனில்லை. பிர்-ஏ, பிர்-பி நச்சு மரபணுக்களைத் தேடினார்களா என்பதே கேள்வி.

இறாலைச் சோதித்துத் தெரிந்துகொள்ளவே முடியாத ஒன்று உண்டு: மோட்டார் போடும் முன் வாய்க்கால் தண்ணீர் எப்படி இருக்கிறது என்பது. ஒரு பண்ணை வெளியேற்றுவதை அடுத்த பண்ணை உறிஞ்சும் ஓடைகளில், என் பணம் முதலில் அங்கேதான் போகும். குஞ்சு விட்டபின் வெண்புள்ளிக்கு வாரம் ஒருமுறை குளத்துத் தண்ணீர். அதில் பாசிட்டிவ் வந்தால் உடனே அறுவடைக்கு ஆள் கூப்பிடாமல், அன்றே சோர்ந்த இறால்களைப் பிடித்து பிசிஆருக்கு அனுப்ப வேண்டும். நெகட்டிவ் வந்தாலும் லேபிடம் இரண்டு கேள்வி கேளுங்கள்: எத்தனை மில்லி தண்ணீர் வடிந்தது, கசடு பிசிஆரைத் தடுக்கவில்லை என்று தனியாகச் சரிபார்த்தார்களா?