டிஎன்எஸ்ஸை எங்கே மாற்றுவது: ரவுட்டரிலா, கணினியிலா?

தளத்தின் பெயரை அதன் ஐபி முகவரியாக, அதாவது இணையத்தில் அதன் எண்ணாக, மாற்றிச் சொல்வது டிஎன்எஸ் சர்வர். எந்தச் சர்வரைக் கேட்பது என்பதை நாமே தேர்ந்தெடுக்கலாம்: பிள்ளைகளுக்கு ஆகாத தளங்களை வடிகட்ட கிளவுட்ஃபிளேரின் 1.1.1.3, விளம்பரத்தைக் குறைக்க 94.140.14.14, தீம்பொருள் தளங்களைத் தடுக்க 9.9.9.9. எந்த எண் வேண்டும் என்பதைப் பத்து நிமிடத்தில் முடிவு செய்துவிடலாம். அதை எங்கே எழுதுவது என்பதில்தான் தடுமாற்றம். ரவுட்டரில் ஒருமுறை எழுதினால் வீடு முழுக்கப் போய்ச் சேர்ந்துவிடும் என்பார்கள். பாதிதான் உண்மை.

ஒரு தளத்தின் பெயருக்கு ஐபி முகவரி தேடும்போது, தேடுகிற செயலிக்கு மிக அருகில் உள்ள அமைப்புக்கே முதல் உரிமை. பிரவுசரின் ‘செக்யூர் டிஎன்எஸ்’ பகுதியில் ஒரு சேவையைத் தேர்ந்தெடுத்திருந்தால் அது விண்டோஸைக் கேட்காது. விண்டோஸில் கையால் எழுதியிருந்தால் ரவுட்டர் கொடுத்ததை அது கண்டுகொள்ளாது. இரண்டிலும் ஒன்றும் எழுதாதபோதுதான் ரவுட்டரின் பேச்சு எடுபடும்.

ரவுட்டரில் இரண்டு இடம்

ரவுட்டரில் டிஎன்எஸ் கேட்கும் பெட்டி இரண்டு பக்கங்களில் இருக்கும். ‘இன்டர்நெட்’ அல்லது ‘டபிள்யூஏஎன்’ (வெளி இணைப்பு) பக்கத்தில் எழுதினால், வீட்டுக் கருவிகள் வழக்கம்போல ரவுட்டரையே (192.168.1.1 போன்ற முகவரி) கேட்கும், ரவுட்டர் உங்கள் சர்வரிடம் கேட்டுச் சொல்லும். ‘லேன்’ (வீட்டு வலை) பக்கத்தில், கருவிகளுக்கு முகவரி ஒதுக்கும் ‘டிஎச்சிபி சர்வர்’ பகுதியில் எழுதினால், ரவுட்டர் அந்த எண்ணைக் கருவிகளிடம் கொடுத்துவிட்டு ஒதுங்கிக்கொள்ளும். கருவிகள் நேரடியாக வெளியே கேட்கும்.

என் ஓட்டு பெரும்பாலும் முதல் வழிக்கே. ஒருவர் கேட்ட பதிலை ரவுட்டர் சிறிது நேரம் நினைவில் வைத்திருந்து அடுத்தவருக்கும் தரும். வீட்டிலுள்ள நாஸ் (வலையில் இணைத்த சேமிப்புப் பெட்டி), பிரின்டர் ஆகியவற்றின் பெயர்கள் ரவுட்டருக்குத்தான் தெரியும். டிஎச்சிபி வழியில் கருவிகள் வெளி சர்வரைக் கேட்கத் தொடங்கினால் அந்தப் பெயர்கள் வேலை செய்யாமல் போகலாம். ஆனால் இணைய நிறுவனம் கொடுக்கும் ஓஎன்டி (ஃபைபர் கேபிள் வந்து சேரும்) பெட்டிகளில் டபிள்யூஏஎன் பக்கம் பூட்டியே கிடப்பது சாதாரணம். டிஎச்சிபி பக்கமாவது திறந்திருந்தால் அதைப் பயன்படுத்துங்கள். அதுவும் இல்லையென்றால் ஓஎன்டிக்குப் பின்னால் சொந்த ரவுட்டர் ஒன்றை மாட்டுவதுதான் வழி. திறந்திருந்தாலும் ஓர் எச்சரிக்கை: நிறுவனம் தொலைவிலிருந்தே ஃபர்ம்வேர் (பெட்டியின் உள்மென்பொருள்) ஏற்றும்போது உங்கள் எண் அழிந்து பழையது திரும்பலாம். மாதம் ஒருமுறை எட்டிப் பாருங்கள்.

டிஎச்சிபி பக்கத்தில் மாற்றியதும் ஒன்றும் நடக்காததுபோல இருக்கும். கருவிகள் பழைய எண்ணையே அடுத்த புதுப்பிப்பு வரை வைத்திருக்கும். ரவுட்டர் கொடுத்த முகவரியின் குத்தகைக் காலம் 24 மணி நேரம் என்றால், பாதி கழிந்த பிறகுதான், அதாவது 12 மணி நேரத்துக்குப் பிறகுதான், கருவி ரவுட்டரிடம் மறுபடி கேட்கும். காத்திருக்காமல் ஒவ்வொரு கருவியிலும் வைஃபையை அணைத்துப் போட்டால் போதும்.

ஐபிவி6 என்கிற கொல்லைக் கதவு

வடிகட்டி வேலை செய்யவில்லை என்ற புகாரில் முதலில் சந்தேகிக்க வேண்டியது இதை. நீங்கள் மாற்றியது ஐபிவி4 (192.168.1.1 போன்ற பழைய வகை முகவரி) பெட்டியை. இணைய நிறுவனம் ஐபிவி6-உம் (புதிய, நீள வகை முகவரி) தருகிறது என்றால், ரவுட்டர் அந்த வழியில் நிறுவனத்தின் டிஎன்எஸ் முகவரியையும் சேர்த்தே கருவிகளுக்கு அறிவிக்கலாம். கருவிகள் அதையும் கேட்கும், சில அதைத்தான் முதலில் கேட்கும். வாசல் கதவைப் பூட்டிவிட்டுக் கொல்லைக் கதவைத் திறந்து வைத்த கதை.

கண்டுபிடிக்க, விண்டோஸ் கமாண்ட் ப்ராம்ப்டில் என்எஸ்லுக்கப் கட்டளையுடன் ஏதேனும் தளத்தின் பெயரைக் கொடுங்கள். முதலில் வரும் ‘சர்வர்’, ‘அட்ரஸ்’ வரிகளைப் பாருங்கள். 192.168.1.1 என்றால் ரவுட்டர் வழி. 1.1.1.3 என்றால் நேரடி வழி. முக்காற்புள்ளிகள் நிறைந்த நீள முகவரி என்றால் கேள்வி ஐபிவி6 வழியாகப் போகிறது; அது உங்கள் எண்ணா, நிறுவனத்தின் எண்ணா என்று பாருங்கள். ரவுட்டரின் ஐபிவி6 பக்கத்திலும் டிஎன்எஸ் பெட்டி இருந்தால் அதையும் நிரப்புங்கள். கூகுளுக்கு 2001:4860:4860::8888, கிளவுட்ஃபிளேரின் சாதாரண சேவைக்கு 2606:4700:4700::1111. இவை வடிகட்டாதவை; வடிகட்டி வேண்டுமென்றால் அந்தச் சேவையின் ஐபிவி6 எண்ணையே எழுதுங்கள். பெட்டியே இல்லாத ரவுட்டரில் லேன் பக்க ஐபிவி6-ஐ அணைப்பது அழகான தீர்வு இல்லை, ஆனால் வேலை செய்யும்.

கணினியில் எழுதும்போது

விண்டோஸ் 11-இல் செட்டிங்ஸ், நெட்வொர்க் அண்ட் இன்டர்நெட், வைஃபை, ஹார்ட்வேர் பிராப்பர்ட்டீஸ் என்று போய், ‘டிஎன்எஸ் சர்வர் அசைன்மென்ட்’ அருகில் எடிட் அழுத்தி மேனுவல் ஆக்க வேண்டும். கணினி வழியின் பெரிய லாபம் இங்கேதான் இருக்கிறது: ‘டிஎன்எஸ் ஓவர் எச்டிடிபிஎஸ்’, அதாவது கேள்விகளை மறையாக்கி அனுப்புவது. சாதாரண ரவுட்டர் அமைப்பில் கேள்விகள் டிஎன்எஸ்ஸுக்கான வாசலாகிய 53-ஆம் போர்ட்டில் மறைப்பில்லாமல் போகும். இணைய நிறுவனம் படிக்கலாம், வேறு சர்வருக்குத் திருப்பியும் விடலாம். விண்டோஸில் 1.1.1.1 (கிளவுட்ஃபிளேர்), 8.8.8.8 (கூகுள்), 9.9.9.9 ஆகியவற்றுக்கு மறையாக்க விவரம் உள்ளேயே இருப்பதால் ‘ஆட்டோமேட்டிக் டெம்ப்ளேட்’ தேர்ந்தெடுத்தாலே போதும். 1.1.1.3-க்கு அப்படி இல்லை, டெம்ப்ளேட்டை, அதாவது அந்தச் சேவையின் இணைய முகவரியை, நீங்களே எழுத வேண்டும். இதை மாற்ற நிர்வாகி அனுமதி தேவை என்பதால், சாதாரணக் கணக்கில் நுழையும் பிள்ளை அதைக் கலைத்துவிட முடியாது.

தொல்லைகளும் உண்டு. வைஃபைக்கு எழுதியது லேன் கேபிளுக்குப் பொருந்தாது; கேபிளைச் செருகியதும் பழைய டிஎன்எஸ் திரும்பிவிடும். மேக்கிலும் அதே கதைதான். விடுதி, விமான நிலைய வைஃபையில் உள்நுழைவுப் பக்கம் வர மறுக்கலாம்; அந்தப் பக்கத்தைக் காட்டப் பல இடங்களில் அவர்களின் டிஎன்எஸ் வழியாகத்தான் நம்மைத் திருப்புவார்கள். அலுவலக உள்வலைத் தளங்களின் பெயர்கள் அலுவலக டிஎன்எஸ்ஸுக்கு மட்டுமே தெரியும், 8.8.8.8-இடம் கேட்டால் அப்படி ஒன்று இல்லை என்று பதில் வரும். அலுவலக மடிக்கணினியில் கை வைக்காமல் இருப்பதே நல்லது.

எதற்கு எது

டிவி, கேமரா, விருந்தாளியின் போன் எல்லாம் ரவுட்டர் பொறுப்பு. ஒவ்வொன்றாக எழுதிக்கொண்டிருக்க முடியாது. க்ரோம்காஸ்ட் போல 8.8.8.8-ஐ உள்ளேயே பதித்து வைத்திருக்கும் கருவிகள் ரவுட்டர் கொடுத்ததையும் மதிக்காது. 53-ஆம் போர்ட்டைத் திருப்பும் வசதி உள்ள ஓபன்டபிள்யூஆர்டி, மைக்ரோடிக் போன்ற ரவுட்டர் அமைப்புகளில்தான் அவற்றைப் பிடிக்க முடியும். வீட்டைவிட்டு வெளியே போகும் போனுக்கும் சொந்த மடிக்கணினிக்கும் கருவியிலேயே எழுதுங்கள். ஆண்ட்ராய்டு 9 முதல் உள்ள ‘பிரைவேட் டிஎன்எஸ்’ மொபைல் டேட்டாவிலும் செல்லும். ஐபோனில் வைஃபை பெயருக்குப் பக்கத்தில் எழுதுவது அந்த ஒரு வைஃபைக்கு மட்டும்.

இரண்டாவது பெட்டியில் பெரும்பாலோர் ஒரு தவறு செய்கிறார்கள்: முதலில் 1.1.1.3, ‘பாதுகாப்புக்கு’ இரண்டாவதாக 8.8.8.8. இரண்டாவது என்பது உதிரி டயர் இல்லை. முதல் சர்வர் சற்றுத் தாமதித்தாலே விண்டோஸ் இரண்டாவதைக் கேட்கும். பல ரவுட்டர்கள் இரண்டையும் மாற்றி மாற்றிக் கேட்கும். வடிகட்டி ஓட்டையாகிவிடும். 1.1.1.3-க்கு ஜோடி 1.0.0.3. 9.9.9.9-க்கு 149.112.112.112. 94.140.14.14-க்கு 94.140.15.15.

ரவுட்டர் வழியில் ஆபத்தும் மொத்தமாக வரும். 2011 நவம்பரில் எஃப்பிஐ முடக்கிய டிஎன்எஸ்சேஞ்சர் கும்பலின் தீம்பொருள் கணினிகளோடு, எளிய கடவுச்சொல் உள்ள வீட்டு ரவுட்டர்களின் டிஎன்எஸ்ஸையும் மாற்றியது. சுமார் 40 லட்சம் கணினிகள் சிக்கின. பாதிக்கப்பட்டவர்களுக்காக நடத்தப்பட்ட மாற்று சர்வர்கள் 2012 ஜூலை 9-இல் நிறுத்தப்பட்டபோது, அதுவரை திருத்தாதவர்களுக்குத் தளங்கள் திறக்கவில்லை. டிஎன்எஸ் எழுதப் போகும் அதே நேரத்தில் ரவுட்டரின் ‘அட்மின்’ கடவுச்சொல்லையும் மாற்றிவிடுங்கள்.

மாற்றும் முன் பழைய எண்களைப் படம் பிடித்து வையுங்கள். நெட் போய்விட்டது என்று வீட்டில் குரல் வந்தால் பிங் கட்டளையில் 8.8.8.8-ஐக் கொடுங்கள். பதில் வந்து, தளங்கள் மட்டும் திறக்கவில்லையென்றால் கோளாறு பெரும்பாலும் நீங்கள் எழுதிய எண்ணில். பதிலே வரவில்லையென்றால் டிஎன்எஸ்ஸைத் தொடாதீர்கள், ஓஎன்டியில் சிவப்பு விளக்கு எரிகிறதா என்று பாருங்கள்.