ஜாதிக்காய், மெலடோனின், சளி மாத்திரை: மூன்று வருடத் தூக்கக் கணக்கு

மரமில்லாத மலை, தண்ணீரில்லாத ஆறு, ராஜா இல்லாத கோட்டை என்று எங்கள் வேலூரைக் கிண்டல் செய்வார்கள். 2022 கோடையில் தூக்கமில்லாத ராத்திரி என்று ஒன்றை நானே அதில் சேர்த்துக்கொண்டேன். அப்போது எனக்கு வயது நாற்பத்தாறு. ராணிப்பேட்டைப் பக்கம் ஒரு ஷூ கம்பெனியில் கணக்கு வேலை. காலை ஏழு மணிக்கெல்லாம் சத்துவாச்சாரியில் வேன் வந்து நிற்கும். பத்தரைக்குப் படுத்தால் ஒன்றரை வரை புரளுவேன், அப்புறம் கண் அசந்தாலும் மூன்றரைக்கு முழிப்பு தட்டிவிடும்.

தூக்க மாத்திரை என்றாலே எனக்குப் பயம். எங்கள் அத்தை பத்து வருடம் அதைப் போட்டுவிட்டு நிறுத்த முடியாமல் பட்ட பாட்டைக் கூடவே இருந்து பார்த்தவள் நான். அதனால் டாக்டர் சீட்டு இல்லாமல் எது கிடைக்குமோ அதைத்தான் தேடினேன். வங்காளத்திலிருந்து இரண்டு நாள் ரயிலேறி சி.எம்.சி. ஆஸ்பத்திரிக்கு வைத்தியம் பார்க்க வருகிற ஊரில் இருந்துகொண்டு, நான் போய் நின்றது லாங் பஜார் நாட்டு மருந்துக் கடையில்.

"இன்னாம்மா, ஜாதிக்காய் கொழந்தைக்கா?"

"எனக்குத்தாங்க. தூக்கம் வரல."

"அப்ப கல்லுல ரெண்டு இழைப்பு இழைச்சு பால்ல போட்டுக் குடி. ஜாஸ்தி போட்டுக்காத, தல சுத்தும்."

கேட்டிருக்கலாம். முதல் பத்து நாள் அவர் சொன்னபடிதான் செய்தேன். சந்தனக்கல்லில் சொட்டுப் பால் விட்டு இழைத்தால் பழுப்பாக ஒரு விழுது வரும், வாசனையே பாதி தூக்கம். இளஞ்சூட்டுப் பாலில் கலந்து குடித்துவிட்டுப் படுத்தால் மனசு கொஞ்சம் இறங்கினமாதிரி இருந்தது. சரி, இரண்டு இழைப்புக்கே இப்படியென்றால் என்று ஒரு சனிக்கிழமை ஒரு முழுக் காயை மிக்ஸியில் போட்டுப் பொடித்துப் பாதியைப் பாலில் கொட்டினேன். ராத்திரி பன்னிரண்டுக்கு நெஞ்சு படபடவென்று அடிக்கிறது, நாக்கு ஒட்டிக்கொள்கிறது, சுவரில் காலண்டர் மூச்சு விடுவதுபோல் இருக்கிறது. மறுநாள் மாலைவரை தலை நிற்கவில்லை. ஜாதிக்காயில் மிரிஸ்டிசின் என்று ஒன்று இருக்கிறது. அளவு மீறினால் வாந்தி, படபடப்பு, மனக்குழப்பம்வரை கொண்டுபோகும் என்று அப்புறம்தான் படித்தேன். சிட்டிகைக்கு மேல் போகாதீர்கள்.

கசகசாப் பாலும் குடித்துப் பார்த்தேன். ருசி உண்டு, தூக்கம் இல்லை. (கல்ஃப் போகிறவர்கள் இதைப் பெட்டியில் வைத்துவிடாதீர்கள், அங்கே வழக்காகிவிடும்.) அமுக்கராச் சூரணம், அதாவது அஸ்வகந்தாப் பொடி, ஒன்றரை மாதம். அஸ்வகந்தா என்ற பெயருக்கே குதிரை வாடை என்றுதான் அர்த்தம், டப்பாவைத் திறந்தால் ஏன் என்று புரியும். கம்பெனியில் சிடுசிடுப்பு குறைந்தது என்னவோ உண்மை, தூக்கம் அப்படியேதான் இருந்தது. வயிறு கெட்டதால் நிறுத்தினேன். தைராய்டுக்கு மாத்திரை போடுகிறவர்கள் கேட்காமல் தொட வேண்டாம். அரிதாகக் கல்லீரலையும் பாதித்திருக்கிறது. டென்மார்க்கில் 2023ல் தடையே போட்டுவிட்டார்கள்.

மெலடோனினைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் இப்போது எல்லோரும் கேட்பது இதைத்தான். நானும் மருந்துக் கடையில் சீட்டில்லாமல்தான் வாங்கினேன். இருட்டினால் மூளையே சுரக்கிற பொருள் இது. 'ராத்திரி ஆச்சு' என்று உடம்புக்குத் தகவல் சொல்லும், அவ்வளவுதான், அடித்துப் போடாது. மார்ச் கணக்கு முடிப்பில் மூன்று வாரம் ஒரு மணிவரை விழித்து என் நேரமே தள்ளிப்போயிருந்தது. அப்போது 3 மில்லிகிராம், ராத்திரி ஒன்பது மணிக்கு, இரண்டு வாரம் போட்டேன். பத்தரைக்குக் கொட்டாவி வர ஆரம்பித்தது. ஆனால் மூன்றரை மணி முழிப்பை அது அசைக்கவே இல்லை. கனவுகள் வேறு வண்ணவண்ணமாக வந்தன. நாத்தனார் மகன் அமெரிக்காவிலிருந்து 10 மில்லிகிராம் மிட்டாய் கொண்டுவந்தான், பிரிக்கவே இல்லை. அந்த ஊரிலேயே 2023ல் இப்படி 25 மிட்டாய் வகைகளைச் சோதித்ததில் 22ல் லேபிளில் உள்ள அளவும் உள்ளே இருந்த அளவும் ஒத்துவரவில்லையாம்.

அடுத்தது சளி மாத்திரை, செய்ததிலேயே பெரிய தப்பு. தும்மலுக்குப் போடும் குளோர்பெனிரமின் வகை. பக்கத்து வீட்டு அக்கா சொல்லித்தான் ஆரம்பித்தேன், அவர்மேல் குற்றமில்லை, அவருக்குக் கேட்கிறதாம். முதல் நான்கு நாள் கட்டை மாதிரி தூங்கினேன். ஐந்தாம் நாளிலிருந்து தூக்கம் பழையபடி, மந்தம் மட்டும் மிச்சம். வேனில் தலை ஆடும், வவுச்சரில் ஒரு சைபர் கூடும். வயதானவர்களுக்கு இந்த வகை ஆகவே ஆகாது, குழப்பம் வரும், விழுவார்கள். 2017ல் அமெரிக்கத் தூக்க மருத்துவ அகாடமி வெளியிட்ட வழிகாட்டுதலில், நாள்பட்ட தூக்கமின்மைக்கு இந்த இனத்தைச் சேர்ந்த டைஃபென்ஹைட்ரமினும் வேண்டாம், மெலடோனினும் வேண்டாம் என்றுதான் சொல்லியிருக்கிறார்கள்.

ஆனால் அந்த மாத்திரையால்தான் விஷயமே பிடிபட்டது. அதைப் போட்ட நாட்களில் கால் குடைச்சல் தாங்கவில்லை. வலி என்று சொல்ல முடியாது. கெண்டைக்காலுக்குள் புழு நெளிகிறமாதிரி, ஆட்டியே ஆக வேண்டும். எழுந்து ஹாலில் நாலு சுற்று நடந்தால் போய்விடும், படுத்தால் திரும்ப வரும். "ராத்திரி பூரா சைக்கிள் மிதிக்கிற, எனக்கும் தூக்கம் போச்சு" என்றார் வீட்டுக்காரர். யோசித்துப் பார்த்தால் அது 2022லிருந்தே இருந்திருக்கிறது. நின்றுகொண்டே வேலை பார்க்காதவளுக்கு என்ன கால்வலி என்று நானே ஒதுக்கியிருந்தேன்.

டாக்டரம்மா கேட்டது இரண்டே கேள்வி: நடந்தால் சரியாகிறதா, மாதவிலக்கு அதிகமா? இரண்டுக்கும் ஆமாம். ரத்தத்தில் ஃபெரிட்டின், அதாவது இரும்புச் சேமிப்பைக் காட்டும் அளவு, வெறும் 14. உடம்பில் இரும்புச் சேமிப்பு வறண்டால் இந்தக் கால் குடைச்சல் வருமாம், சளி மாத்திரை அதை இன்னும் கிளப்பிவிடுமாம். இரும்பு மாத்திரை எழுதிக் கொடுத்தார். வெறும் வயிற்றில், எலுமிச்சைச் சாறோடு, முன்னும் பின்னும் டீ கூடாது. நானோ ஒரு நாளைக்கு ஆறு டீ. தூக்கத்தைக் கெடுத்தது போதாதென்று இரும்பையும் அதுதான் ஒட்டவிடாமல் செய்திருக்கிறது. இப்போது காலையில் ஒன்று, பதினொரு மணிக்கு ஒன்று. நாலரை மணி கம்பெனி டீயை விட்டதுதான் கஷ்டமாக இருந்தது, இரும்பு மாத்திரையின் மலச்சிக்கலைவிட.

குடைச்சல் அடங்க இரண்டரை மாதம் ஆனது. இப்போதும் வாரத்தில் ஒரு ராத்திரி புரளுகிறேன், அதிலும் அக்னி நட்சத்திரத்தில் கேட்கவே வேண்டாம். பகலெல்லாம் வாங்கின சூட்டை கான்கிரீட் தளம் ராத்திரிதான் திருப்பிக் கொடுக்கும். சாயங்காலம் மாடியில் நாலு வாளித் தண்ணீர் ஊற்றிவிட்டு, பத்து மணிக்குக் கொசுவலை கட்டி அங்கேயே பாய் போட்டுக்கொள்கிறோம். மெலடோனின் அட்டை அடுத்த மார்ச்சுக்காக இருக்கிறது, சளி மாத்திரை சளிக்கு. ஜாதிக்காய் மூன்று மிச்சம். ஞாயிற்றுக்கிழமை பிரியாணி மசாலாவில் கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்த்துத் தீர்த்துக்கொண்டிருக்கிறேன்.